சாவி திரும்பியது, கார் கிளம்பவில்லை!

மோட்டார் காரைப் பற்றிப் பேசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கார் எத்தனை வேகம் போகும் என்று கேட்பவர்கள் ஒரு வகை. கார் எப்படிப் போகிறது என்று கேட்பவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் ஏராளம். இரண்டாம் வகையினர் சிலரே. அந்தச் சிலரிலும் விசேஷமான ஒரு கூட்டத்தார் அமெரிக்க தேசத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதுக் காரில் மோகமில்லை. அறுபது வருஷத்துக் கிழக் காரைத் தேடிப் பிடித்து, வீட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தி, சனி ஞாயிறுகளில் அதன் அடியில் மல்லாந்து படுத்துக் கிடப்பதுதான் அவர்களுக்குப் பரமானந்தம். "இதென்ன பைத்தியம்?" என்று கேட்கத் தோன்றலாம். பாட்டனார் காலத்து வீணைக்கு மெழுகு கட்டி மறுபடியும் வாசிக்கிறவரைப் பார்த்து நாம் அப்படிக் கேட்பதில்லை அல்லவா? அந்த நியாயம் இதற்கும் பொருந்தும்.

இந்தக் கூட்டத்தார் அடிக்கடி மேற்கொள்ளும் ஒரு காரியம் உண்டு. தானாகவே கியர் மாறிக்கொள்ளும் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கையால் கியர் மாற்றும் பெட்டியை அந்த இடத்தில் பொருத்துவார்கள். மாதக்கணக்கில் பாடுபட்டுப் பெட்டியை ஏற்றியாகிவிடும். மூன்றாவது மிதி ஒன்று புதிதாக முளைத்துவிடும். எல்லாம் முடிந்தது என்று வீட்டார் கூடி நின்று பார்க்க, எஜமானர் சாவியைத் திருப்புவார். ஒரு சப்தமும் வராது. 'டிக்' என்று கூடக் கேட்காது. விளக்குகள் எரிகின்றன; ஹாரன் அலறுகிறது; பாட்டரியும் புதிது. ஆனால் கார் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும்!

இந்த மௌனத்துக்குக் காரணம் என்ன, அதை எப்படிக் கலைக்க வேண்டும், எப்படிக் கலைக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். கார் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். மின்சாரம் புகுந்த ஒவ்வொரு வீட்டுக்கும் உதவக்கூடிய பாடம் ஒன்று இதில் இருக்கிறது.

குதிரையின் பெயர் கொண்ட கார்

பேச்சு ஆகாயத்தில் பறக்காமல் இருப்பதற்கு, குறிப்பிட்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். போர்டு கம்பெனியார் 1964-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி, நியூயார்க் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் 'மஸ்டாங்' என்னும் காரை வெளியிட்டார்கள். முன்புறத்தில் ஓடும் குதிரையின் உருவம் பதித்த கார் அது. முதல் ஒரு வருஷத்திலேயே நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. 1966 மார்ச்சில், அதாவது இரண்டு வருஷம் நிறைவதற்கு முன்பே, பத்து லட்சமாவது மஸ்டாங் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இன்று பழைய கார் அபிமானிகளின் கொட்டகைகளில் அதிகமாகக் காணப்படும் கார்களில் இதுவும் ஒன்று. உதிரிச் சாமான்களும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன.

அந்தக் காரை வாங்குகிறவர்கள் கைக் கியரும் கேட்கலாம்; தானியங்கிக் கியரும் கேட்கலாம். தானியங்கிப் பெட்டிக்கு 'ஸி-4' என்று பெயர். அதற்கு மூன்று கியர்கள். மேல் கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால், பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டும் ஒரு சுற்றுச் சுற்றும். நகரத் தெருவுக்கு அது போதும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் பிரயாணம் செய்யும்போது எஞ்சின் ஓயாமல் அலறிக்கொண்டே போகும்.

1983-ம் வருஷம் முதல் மஸ்டாங் கார்களில் 'டி-5' என்ற ஐந்து கியர்க் கைப்பெட்டி வரத் தொடங்கியது. அதன் ஐந்தாவது கியரின் விகிதம் ஒரு வகையில் 0.68. அதாவது, பழைய பெட்டியில் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றிய எஞ்சின், அதே வேகத்துக்கு இப்போது 2040 சுற்றுச் சுற்றினால் போதும். சப்தம் குறைகிறது, பெட்ரோலும் மிச்சமாகிறது. இவை கணக்கில் வரும் லாபங்கள். கணக்கில் வராத லாபம் ஒன்றும் உண்டு. கைக்கும் காலுக்கும் வேலை கொடுத்து, எஞ்சினின் குரலைக் காதால் கேட்டுக் கியர் மாற்றி ஓட்டுவதில் உள்ள ஆனந்தம்தான் அது. அமெரிக்காவில் இன்று விற்பனையாகும் புதுக் கார்களில் கைக் கியர் உள்ளவை மிகச் சொற்பம். அரிதாகிப் போன பொருளுக்கு அருமை அதிகம் என்பது உலக வழக்கம்.

இரும்பு வேலையும் கம்பி வேலையும்

பெட்டி மாற்றுவதில் உள்ள இரும்பு வேலையை விஸ்தரிக்கப் போவதில்லை. எஞ்சினின் பின்னால் இருந்த மெல்லிய தகட்டுச் சக்கரத்தை எடுத்துவிட்டுக் கனமான பறக்கும் சக்கரத்தைப் பூட்ட வேண்டும். க்ளட்சும், அதை அழுத்தும் மிதியும், இரண்டையும் இணைக்கும் கம்பிகளும் வேண்டும். அகலமான பிரேக் மிதியை எடுத்துவிட்டுச் சிறியது போட வேண்டும். தண்டின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். இவையெல்லாம் கனத்த வேலைகள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். பொருந்தாத போல்ட்டு பொருந்தாது. அதற்குமேல் அது யாரையும் ஏமாற்றாது.

மின்சாரக் கம்பியின் சமாசாரம் அப்படியல்ல. தப்பாக இணைத்த கம்பியும் சரியாக இணைத்த கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று வழிகாட்டும், மற்றொன்று ஆறு மாதம் சாதுவாக இருந்துவிட்டு ஒருநாள் காலை வாரிவிடும். ஆகையால்தான் இரும்பு வேலையில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் கூடக் கம்பி வேலை என்றதும் கொஞ்சம் தயங்குகிறார்கள்.

சாவிக்கும் சக்கரத்துக்கும் நடுவே

எஞ்சினை முதலில் யாராவது சுற்றிவிட்டால்தான் அது தானாகச் சுற்றத் தொடங்கும். ஆதி காலத்தில் காரின் முன்னால் நின்று ஒரு கைப்பிடியைச் சுற்றினார்கள். கைப்பிடி சில சமயம் எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். 1912-ம் வருஷத்து காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் இந்த ஆபத்து விலகியது. அதை அமைத்த சார்லஸ் கெட்டரிங் என்பவர் இளமையில் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். எங்கள் வர்க்கத்தாருக்குக் கிடைக்கும் பெருமைகள் குறைவாதலால் இதைச் சொல்லிக்கொள்வதில் நமக்குச் சற்றே திருப்தி!

ஸ்டார்ட்டர் மோட்டார் பகாசுரன் போன்றது. எஞ்சினைச் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரத்தை விழுங்கும். அவ்வளவு மின்சாரத்தையும் டிரைவரின் சாவி வழியாக அனுப்பினால் சாவி ஸ்விட்ச் உருகிப் போகும். ஆகையால் நடுவில் ஒரு காரியஸ்தரை நியமித்திருக்கிறார்கள். அவருக்கு 'ரிலே' என்று பெயர். மஸ்டாங்கில் எஞ்சினறையின் பக்கத் தகட்டில், பாட்டரிக்கு அருகில் இவர் உட்கார்ந்திருப்பார். இவருக்கு இரண்டு பெரிய முனைகளும் இரண்டு சிறிய முனைகளும் உண்டு. ஒரு பெரிய முனை பாட்டரிக்கு, மற்றது ஸ்டார்ட்டருக்கு. சாவியிலிருந்து வரும் மெல்லிய கம்பி 'எஸ்' என்ற சிறிய முனைக்கு வந்து சேரும். அதில் சில ஆம்பியர் மின்சாரம் வந்தால் போதும். உள்ளே இருக்கும் காந்தம் இழுத்து, பெரிய முனைகள் இரண்டையும் சேர்த்துவிடும். எஜமானர் கண்ணைக் காட்டுகிறார். காரியஸ்தர் களஞ்சியத்தைத் திறந்து விடுகிறார்.

மற்றொரு சிறிய முனைக்கு 'ஐ' என்று பெயர். இதன் வேலை நுட்பமானது. எஞ்சின் ஓடும்போது தீப்பொறி உண்டாக்கும் காயிலுக்கு முழு வோல்ட்டேஜ் தேவையில்லை. ஆகவே தடைக் கம்பி ஒன்றின் வழியாகக் குறைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும் சமயத்தில் பாட்டரியின் வலு குன்றிவிடும். அப்போது காயில் பட்டினி கிடக்கக் கூடாதென்று, பாட்டரியின் வோல்ட்டேஜ் முழுவதையும் இந்த 'ஐ' முனை அதற்கு நேராகக் கொடுக்கிறது. பெட்டி மாற்றும் அமளியில் இந்தச் சிறு கம்பியைச் சிலர் மறந்துவிடுவார்கள். பிறகு ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பற்றாது, சாவியை விடும் கணத்தில்தான் ஒரு தடவை இருமிப் பார்க்கும். கார்ப்புரேட்டரைக் கழற்றித் துடைப்பதில் இரண்டு நாள் வீணாகும். உண்மையில் குற்றம் ஒரு முழக் கம்பியில் இருக்கும்.

வாசலில் நிற்கும் காவற்காரன்

இனி மௌனத்தின் ரகசியத்துக்கு வருவோம். தானியங்கிக் காரில், சாவிக்கும் ரிலேக்கும் நடுவே ஒரு காவற்காரன் நிற்கிறான். கியர் மாற்றும் தண்டோடு சேர்ந்து நகரும் ஒரு ஸ்விட்ச்தான் அவன். கியர் தண்டு 'நிறுத்தம்' என்ற இடத்திலோ 'நடுநிலை' என்ற இடத்திலோ இருந்தால், அவன் வழி விடுவான். 'முன்னோட்டம்', 'பின்னோட்டம்' ஆகிய இடங்களில் இருந்தால் வழி மறிப்பான். காரணம் வெளிப்படை. தண்டு முன்னோட்டத்தில் இருக்கும்போது எஞ்சினைக் கிளப்பினால், எதிரே இருப்பது சுவரானாலும் குழந்தையானாலும் கார் அதை நோக்கி நகரத் தொடங்கும்.

1940-ம் வருஷத்து மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் முழுத் தானியங்கிக் கியர்ப் பெட்டி விற்பனைக்கு வந்தது முதல், கார் ஓட்டுவதில் பழக்கமில்லாதவர்கள் கையிலும் பெரிய யந்திரங்கள் சேர்ந்தன. ஆகவே இத்தகைய காவல் அவசியமாயிற்று. 1968 ஜனவரி முதல் தேதியிலிருந்து, தானியங்கிக் கியர் உள்ள புதுக் கார்களில் இந்தத் தடை கட்டாயம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் விதித்துவிட்டது.

தானியங்கிப் பெட்டியையும் அதன் தண்டையும் கழற்றும்போது காவற்காரனும் கூடவே போய்விடுகிறான். ஆனால் அவன் கையில் இருந்த இரண்டு கம்பிகள் மட்டும் துண்டாக நிற்கின்றன. சாவியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் அந்த முதல் கம்பியின் நுனி வரை வருகிறது. அக்கரைக்குப் போகப் பாலமில்லை. ஆகையால்தான் அந்த மௌனம். பாட்டரியும் பல்புமாக வைத்து நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இதுதான்: வட்டம் எங்கேனும் அறுந்தால் விளக்கு எரியாது.

குறுக்கு வழி

"இவ்வளவுதானா? அந்த இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிட்டால் போயிற்று!" என்று வாசகர்களில் பலர் சொல்லுவார்கள். அப்படித்தான் பலர் செய்கிறார்கள். உடனே கார் கிளம்பிவிடும், அதில் சந்தேகமில்லை. இதற்கு ஆதாரமாக ஒரு நியாயமும் சொல்லுவார்கள்: "1965-ல் தொழிற்சாலையிலிருந்தே கைக் கியரோடு வந்த மஸ்டாங்கில் இந்தத் தடை எதுவும் இருந்ததில்லையே! அந்தக் காலத்து மனிதர்கள் செத்தா போனார்கள்?"

இந்த நியாயத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

தானியங்கிக் காரை நிறுத்துகிறவர் தண்டை 'நிறுத்தம்' என்ற இடத்தில் வைப்பார். பெட்டிக்குள்ளே ஒரு கொக்கி விழுந்து காரைப் பூட்டிவிடும். கைக் கியர்ப் பெட்டியில் அப்படி ஒரு இடமே கிடையாது. ஆகவே கைக் கியர் ஓட்டுகிறவர் என்ன செய்கிறார்? கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, அதை முழுவதும் நம்பாமல், முதல் கியரிலோ பின் கியரிலோ காரை விட்டுவிட்டு இறங்குகிறார். அதுவே நல்ல பழக்கம். சரிவான தெருவில் அதுவே சரியான பழக்கம். இதன் விளைவு என்ன? மறுபடி சாவி திரும்பும் சமயத்தில் அந்தக் கார் பெரும்பாலும் கியரிலேயே நிற்கிறது! எந்த நிலையில் சாவி திரும்பக் கூடாதென்று காவற்காரனை வைத்தார்களோ, அந்த நிலைதான் இப்போது நித்திய நிலை.

கைக் கியரிலேயே பழகிய பழங்காலத்து டிரைவருக்குச் சாவியைத் தொடுமுன் இடது கால் தானாகவே க்ளட்சை மிதிக்கும். தாய்ப்பாலோடு வந்த வழக்கம் போல அது அவருக்கு. இன்றைய அமெரிக்க வீட்டில் நிலைமை வேறு. எஜமானர் ஒருவருக்குத்தான் கைக் கியர் தெரியும். மனைவி, மக்கள், அண்டை வீட்டார் எல்லோரும் இரண்டு மிதிக் காரையே அறிந்தவர்கள். கொட்டகையில் கார் நிற்கிறது. ரேடியோ கேட்கலாம் என்று பதினான்கு வயதுப் பையன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஒரு கால் கூடக் காருக்குள் இல்லை. கார் முதல் கியரில் இருக்கிறது. இரண்டு கம்பிகளும் முறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. எஞ்சின் பற்ற வேண்டும் என்பது கூட இல்லை. எஞ்சினையே சுற்றும் ஸ்டார்ட்டருக்கு, முதல் கியரில் காரை முன்னால் தள்ளும் பலமும் உண்டு. எஞ்சினும் பற்றிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். காருக்கு முன்னால் அப்போது யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

முறுக்கிய கம்பியின் விலை ஒன்றுமில்லை; செய்ய ஒரு நிமிஷம் போதும். ஆனால் இப்படி ஒரு கேள்வியைத் தினந்தோறும் அது வீட்டுக்குள் நிறுத்தி வைக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

புதிய காவற்காரன்

சரியான வழி வெகு சுலபமானது. பழைய காவற்காரன் போன இடத்தில் புதியவன் ஒருவனை நியமிக்க வேண்டும். க்ளட்ச் மிதியின் மேற்புறத்தில் ஒரு சிறு ஸ்விட்சைப் பொருத்துவதே அது. சாதாரணமாக அது திறந்திருக்கும். மிதியை அடி வரை அழுத்தினால்தான் மூடும். துண்டாக நின்ற இரண்டு கம்பிகளையும் நீட்டி இந்த ஸ்விட்சின் இரண்டு முனைகளில் சேர்த்துவிட வேண்டும். பிற்காலத்துக் கைக் கியர்க் கார்களில் தொழிற்சாலையாரே இந்த ஏற்பாட்டைச் செய்து அனுப்பினார்கள்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஸ்விட்ச் மூடும் இடம். மிதியைத் தொட்டவுடனே ஸ்விட்ச் மூடிவிட்டால் அதனால் பிரயோஜனமில்லை. க்ளட்ச் இன்னும் விடுபட்டிராது. க்ளட்ச் முழுவதும் விடுபட்ட பிறகே ஸ்விட்ச் மூடும்படி அதைத் திருகி நிலைநிறுத்த வேண்டும். அதே சமயத்தில், ஸ்விட்சே மிதிக்கு முட்டுக்கட்டையாகி, மிதி அடி வரை போகாமல் தடுத்துவிடவும் கூடாது.

இரண்டாவது, ஸ்விட்சின் தாங்கும் சக்தி. ரிலேயின் காந்தச் சுருள் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்க வேண்டும். வேறு காரியத்துக்கென்று செய்த பூஞ்சை ஸ்விட்ச் ஒன்றை வைத்தால், அதன் உள்முனைகள் நாளடைவில் கருகிப் போகும். ஸ்விட்சில் நம்பிக்கையில்லாவிட்டால் நடுவில் இன்னொரு சிறிய ரிலேயை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கம்பி போகும் பாதை. எஞ்சினறையிலிருந்து டிரைவர் இருக்கும் இடத்துக்குக் கம்பி ஓர் இரும்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். துளையின் விளிம்பு கத்தி போன்றது. ரப்பர் வளையம் போடாமல் கம்பியை இழுத்தால், காரின் நடுக்கத்தில் அது கொஞ்சங் கொஞ்சமாக அறுபடும். மேலுறை தேய்ந்து உள்ளிருக்கும் செம்பு தகட்டைத் தொட்ட அன்றைக்குப் புகை கிளம்பும். எஞ்சினிலிருந்து புகை போகும் குழாயின் பக்கத்திலும் கம்பியைக் கொண்டு போகக் கூடாது.

பின் விளக்கின் கணக்கு

பழைய ஸ்விட்சுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தண்டு பின்னோட்டத்துக்கு வந்ததும், காரின் பின்னால் இருக்கும் வெள்ளை விளக்குகளை எரியவிட்டதும் அந்தக் காவற்காரனே. அவன் போனதும் அந்த விளக்குகளும் இருண்டு போகின்றன. நல்ல வேளையாக டி-5 பெட்டியில் இதற்கென்றே ஒரு ஸ்விட்ச் திருகப்பட்டிருக்கிறது. பின் கியர் விழுந்ததும் அது மூடும். பழைய இரண்டு கம்பிகளை இதனோடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

சேர்ப்பதற்கு முன்பு சிறு கணக்கு ஒன்று போட வேண்டும். இத்தகைய விளக்கில் வழக்கமாக உள்ள பல்பு 12.8 வோல்ட்டில் சுமார் 27 வாட் இழுக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் சுமார் 2.1 ஆம்பியர். இரண்டு பல்புகளுக்கு 4.2 ஆம்பியர். ஆகவே கம்பியும் ஸ்விட்சும் ஐந்து ஆம்பியருக்குக் குறையாமல் தாங்க வேண்டும். மூன்றாம் பாரத்துப் பையன் போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் இதைப் போடாமல், கையில் அகப்பட்ட நூல் போன்ற கம்பியை இழுத்துவிடுகிறவர்கள் அநேகர். பின்னால் வருகிறவருக்கு எச்சரிக்கை செய்யும் விளக்கை அலட்சியம் செய்யலாகாது.

பிரேக் மிதியை மாற்றும்போது அதோடு சேர்ந்த ஸ்விட்சையும் தொடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. மிதி மாறிய பிறகு, ஒருவர் பிரேக்கை மிதிக்க மற்றொருவர் பின்னால் நின்று சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கத் தகுந்த உத்தியோகம் இது. அவர்கள் வெகு உற்சாகத்தோடு செய்வார்கள்.

திரும்பும் பாதை

மின்சாரம் போவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அது திரும்பி வர வேண்டும் என்பதை நினைப்பவர் குறைவு. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டது மறு முனைக்கு வந்து சேர வேண்டும். காரில் திரும்பும் பாதையாக உதவுவது காரின் உடலேதான். ஆனால் எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. அதனால் எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்க, பின்னிய செம்புப் பட்டை ஒன்றைப் பூட்டியிருப்பார்கள். பெட்டியை இறக்கும்போது இந்தப் பட்டையைக் கழற்றுகிறார்கள். ஏற்றும்போது அது ஏதோ ஒரு மூலையில், எண்ணெய்த் துணிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பிறகு நடப்பது விசித்திரம். ராஜபாட்டை அடைபட்டதும் மின்சாரம் சந்துகளில் புகுந்து வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கம்பி, வேகமானியின் கம்பி, புதிதாகப் போட்ட க்ளட்ச் கம்பி ஆகியவை எஞ்சினையும் உடலையும் தொடுவதால் அவற்றின் வழியே ஓடும். அவ்வளவு பெரிய ஓட்டத்தை அவை தாங்குமா? சூடேறிப் புகைந்து, உள்ளேயே ஒட்டிக்கொண்டு இறுகிப் போகும். "புது க்ளட்ச் கம்பி ஒரு வாரத்தில் கெட்டுவிட்டதே, மட்டமான சரக்கு!" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். கடைக்காரர் மேல் குற்றமில்லை.

ரிலேக்கும் இந்த விதி உண்டு. மஸ்டாங்கின் ரிலேக்குத் தனியாகத் திரும்பும் கம்பி கிடையாது. அதைப் பூட்டியிருக்கும் திருகாணிகளே அதன் பாதை. அடியில் துருவோ, புதிதாகப் பூசிய அழகிய வர்ணமோ இருந்தால், ரிலே வேலை செய்யாது. அழகுக்காகப் பூசிய வர்ணம் காரியத்தைக் கெடுக்கும் இடங்களில் இது ஒன்று. சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரியச் செய்து திருக வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சினுக்கும் பாட்டரியின் கழித்தல் முனைக்கும் நடுவே வோல்ட் மானியை வைத்துப் பார்த்தால், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அதிகம் காட்டினால் திரும்பும் பாதையில் எங்கோ இடைஞ்சல் இருக்கிறது என்று அர்த்தம்.

பதறாத காரியம்

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் கழித்தல் முனையை முதலில் கழற்றிவிட வேண்டும். முடிந்தபின் அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். கழற்றும் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சீட்டுக் கட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதிவிட வேண்டும். அறுபது வருஷத்து வெயிலிலும் எண்ணெயிலும் கம்பிகளின் நிறம் மங்கி, சிவப்பும் பழுப்பும் அண்ணன் தம்பி போல் ஆகியிருக்கும். நிறத்தை நம்பி மோசம் போகக் கூடாது. சோதனை விளக்கால் தொட்டுப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். தானியங்கித் தண்டின் கீழே எழுத்துக்களைக் காட்டிய சிறு விளக்கின் கம்பியைப் போன்ற வேண்டாத நுனிகளை, வெட்டி அப்படியே தொங்கவிடாமல், உறை போட்டு மடித்துக் கட்ட வேண்டும். பழைய கம்பிக் கட்டு தொட்டவுடன் பொடிந்தால், ஒட்டுப் போடுவதை விட்டுப் புதுக் கட்டு வாங்கிவிடுவதே உத்தமம்.

எல்லாம் பூட்டியானதும், முதல் சோதனை எஞ்சினைக் கிளப்புவது அல்ல. கிளம்பாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை! காரின் முன்னும் பின்னும் ஒருவரும் இல்லாமல், கைப் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நடுநிலையில் வைத்து, க்ளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்ப வேண்டும். கார் மௌனமாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும். முன்பு நம்மை வருத்திய அதே மௌனம் இப்போது நன்மைக்கு அடையாளம். பிறகு க்ளட்சைப் பாதி மிதித்துத் திருப்ப வேண்டும், அப்போதும் மௌனம். அடி வரை மிதித்த பிறகுதான் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும்.

இங்கே சொன்னவை அறுபதுகளின் கார்களுக்குப் போதும். 1990-ஐ ஒட்டிய வருஷங்களிலிருந்து வந்த பல கார்களில் தானியங்கிப் பெட்டியை ஒரு கணக்கு யந்திரம் ஆண்டுகொண்டிருக்கிறது. பெட்டியைப் பறித்துவிட்டால் அது எஞ்சினின் கணக்கு யந்திரத்தோடு ஓயாமல் புகார் செய்யும். வேகத்தைச் சொல்லும் தகவலையும், நடுநிலையைச் சொல்லும் தகவலையும் வேறு வழியில் கொடுத்து, கணக்கு யந்திரத்துக்கும் புதுப் பாடம் கற்பிக்க வேண்டியிருக்கும். அதில் இறங்குகிறவர் அந்தக் காரின் கம்பிப் படத்தை முதலில் கரைத்துக் குடித்துவிட்டு இறங்குவது நல்லது.

கடைசியாக ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் ஒரு காகிதத்தில் புதிய இணைப்புக்களைப் படமாக வரைந்து, தேதி போட்டு, காரிலேயே வைத்துவிட வேண்டும். பழைய கார் யாருக்கும் சாசுவதமான சொத்தல்ல. இன்று ஒருவரிடம், நாளை மற்றொருவரிடம். தொழிற்சாலையார் அச்சிட்ட படத்தில் க்ளட்ச் ஸ்விட்ச் இராது. முகம் தெரியாத ஒருவர் இருபது வருஷத்துக்குப் பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் காரின் அடியில் படுத்திருப்பார். அவருக்கு அந்தக் காகிதம் செய்யும் உபகாரம் கொஞ்சமல்ல. காவற்காரன் ஏன் அங்கே நிற்கிறான் என்பது தெரிந்தால், அவனை விரட்டிவிட்டு இரண்டு கம்பிகளையும் முறுக்கிக் கட்ட அவருக்கு மனம் வராது.